மலை ஏறும்போது மட்டும் காய்ச்சல்

எங்கள் ஒர்க்ஷாப் ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. போன வாரம் ஒருவர் அதில் ஒரு படம் போட்டிருந்தார். ஒரு காரின் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டில் நிற்கிறது. கீழே, "சென்சார் மாத்தியாச்சு, திரும்பவும் ஏறுது. இன்னா பண்றது?" என்று கேள்வி. உடனே ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ரேடியேட்டரைக் கழற்று, ஹெட்டைப் பிரி, வயரிங்கைப் பார் என்று ஒரே அமளி. கடைசியில் ஒருவர், "ஏழுமலை அண்ணனக் கேளுங்க. அந்தப் பொதட்டூர்பேட்டை வேன் கதைய அவரு சொன்னாத்தான் நல்லா இருக்கும்" என்று எழுதினார். கட்டைவிரலால் கதை எழுத எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் உட்கார்ந்து பேனாவால் எழுதுகிறேன். யாராவது படம் எடுத்து அந்தக் குழுவில் போட்டுக்கொள்ளட்டும்.

திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் இருக்கும் ஒரு ஒர்க்ஷாப்பில் நான் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். தொழில் கற்றுக்கொண்டது அரக்கோணத்தில், ஒரு தகரக் கொட்டகையில். அங்கே கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: சூடான சைலன்ஸரைத் தொடக்கூடாது, முதலாளி சாப்பிடும்போது லீவு கேட்கக்கூடாது. மற்றதெல்லாம் திருத்தணிக்கு வந்த பிறகு வந்த அறிவுதான். மலைமேல் முருகன் இருப்பதால் எங்களுக்கு வண்டிப் பஞ்சமே வந்ததில்லை. புது வண்டி வாங்கினால் இங்கே பூஜை, பழைய வண்டி விற்றால் இங்கே நன்றி, நடுவில் நின்றுபோனால் எங்கள் ஒர்க்ஷாப்.

கதை புரிய ஒரே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்க அதைச் சுற்றி கூலண்ட் என்ற தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீரின் சூட்டைப் பார்க்க, சுண்டுவிரல் அளவில் பித்தளை மூக்கு வைத்த ஒரு சென்சார் உண்டு. அதை இன்ஜினின் தெர்மாமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சொல்வதை வைத்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் எவ்வளவு எரிபொருள் ஊற்றலாம், ஃபேனை எப்போது சுற்றலாம் என்று முடிவு செய்யும். சூடு எல்லை மீறியதாக அது சொன்னால் சிவப்பு விளக்கு எரியும், கம்ப்யூட்டர் வண்டியின் இழுவையைக் குறைத்துவிடும். தெர்மாமீட்டர் பொய் சொன்னால் காய்ச்சலே இல்லாத ஆளுக்கு ஊசி போடுவது போல ஆகிவிடும்.

எங்களுக்கு மேனேஜராக ஸ்டெல்லா மேடம் வந்தார். ராணிப்பேட்டைக்காரர், இன்ஜினியரிங் படித்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். வந்த முதல் வாரமே என் வாயை அடைத்துவிட்டார். ஆர்.கே.பேட்டை வாத்தியார் ஒருவரின் பெட்ரோல் கார். காலையில் நன்றாக ஓடும். சூடேறிய பிறகு இருமும், கறுப்பாகப் புகைக்கும். நான் ப்ளக்கை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், வாத்தியாரின் பொறுமையையும் மாற்றினேன். மேடம் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் ஓடி இன்ஜின் தகதகவென்று இருக்க, சென்சார் மட்டும் மார்கழி மாதத்து விடியற்காலைச் சூட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இது இன்னும் போர்வ போத்திகினு கீது மேடம்!" என்றேன்.

"ஆமாண்ணே. அதனாலதான் கம்ப்யூட்டர் குளிருதுன்னு நெனச்சு பெட்ரோலா ஊத்துது" என்றார். சென்சாரை மாற்றினோம், புகை நின்றது. அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

மேடத்துக்கு ஒரு பழக்கம். வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்க விடமாட்டார். முதலில் வண்டிக்காரருக்கு ஒரு டீ. பிறகு, "என்ன நடந்துச்சு, மொதல்லேந்து சொல்லுங்க" என்பார். எவ்வளவு வளவளவென்று பேசினாலும் குறுக்கே பேசமாட்டார். நானோ பாதிக் கதையிலேயே ஸ்பானரைத் தேட ஆரம்பித்துவிடுவேன். அப்போது திரும்பிப் பார்த்து, "அண்ணே, நீங்க பாத்தத சொல்லுங்க, நெனச்சத அப்புறமா சொல்லலாம்" என்பார். கோபமே இல்லாமல் சொல்வார், அதனால் திருப்பிக் கத்தவும் முடியாது.

குமரேசன் வந்தது ஆனி மாதக் கிருத்திகைக்குச் சில நாள் முன்னால். பொதட்டூர்பேட்டையில் தறி நெய்யும் குடும்பம். இவர் மட்டும் தறியில் உட்காராமல் ஒரு வேன் வாங்கி, வாரநாளில் லுங்கிக் கட்டுகளையும் விசேஷ நாளில் ஆட்களையும் ஏற்றிக்கொண்டிருந்தார். வேனைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார், அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அன்றைக்கு அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. கையில் கொடுத்த டீ ஆறிக்கொண்டே இருந்தது.

"மேடம், எங்க போனாலும் ஓடுது. ஈரோடு வரைக்கும் லோடு போட்டுகினு போய் வந்தேன், முள்ளு அசையல. நம்ம மலை ஏறும்போது மட்டும் சூடு ஏறி நின்னுடுது. கொஞ்ச நேரம் அப்படியே வுட்டா சரியாயிடுது. மூணாவது தடவ இது. ரெண்டு தடவ நானும் எங்கம்மாவும் மட்டும் இருந்தோம், பரவால்ல. இந்தத் தடவ பொண்ணு வீட்டுக்காரங்க இருந்தாங்க."

பெண் நகரியில், பெயர் பத்மா. இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தது, குமரேசனுக்கும் பத்மாவுக்கும் அதற்கு முன்பே பிடித்திருந்தது. சாமி கும்பிட்டுவிட்டுப் பேசி முடிக்கலாம் என்று எல்லோரையும் இந்த வேனில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். பாதி மலையில் சிவப்பு விளக்கு எரிந்து வண்டி முனகி நின்றுவிட்டது. பத்மாவின் தாய்மாமன் இறங்கி நின்று, "முருகனே வேணாங்கிறான்" என்று சொல்லிவிட்டார்.

"பத்மாவோட நைனாதான் கொஞ்சம் எறங்கி வந்தாரு" என்றார் குமரேசன். "கிருத்திகை அன்னிக்கு இதே வண்டில திரும்ப வர்றோம், நிக்காம மேல ஏறட்டும், அப்பால பேசலாம்னாரு. ஏறலன்னா இந்தப் பேச்சே வேணாம்னுட்டாரு. வேற வண்டி எடுத்துட்டு வந்தாலும் ஒத்துக்க மாட்டாரு மேடம். இந்த வண்டிதான் ஏறணும்."

எனக்கு அந்த மாமன்மேல் பொல்லாத கோபம் வந்தது. ஒரு இரும்பு வண்டிக்காக ஒரு கல்யாணத்தை நிறுத்துவார்களா? ஆனால் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, வண்டியை மலையில் ஏற்றினால்தான் அந்த வாயை மூட முடியும். பானெட்டைத் திறந்தேன்.

உள்ளே வேறு யாரோ ஏற்கனவே கை வைத்திருந்தார்கள். வழியில் ஏதோ ஒரு ஷெட்டில் காட்டியிருக்கிறார். அவர்கள் ரேடியேட்டர் ஹோஸை மாற்றி, தண்ணீரைத் தேவையானபோது மட்டும் திறந்துவிடும் வால்வையே கழற்றி வீசிவிட்டு, ஃபேனை சாவி போட்டதும் ஓடும்படி நேரடியாகக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சூடு என்றாலே இந்த மூன்றும் நடக்கும். அதற்கும் அடங்காததால், அடுத்து இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மேடம் உள்ளே பார்த்துக்கொண்டே, "அண்ணே, வால்வு இல்ல, ஃபேன் நிக்கவே இல்ல. இந்த வண்டி சூடே ஆகக்கூடாதே?" என்றார். அது நல்ல கேள்வி. முதலில் வால்வையும் ஃபேனையும் கம்பெனியில் இருந்து வந்தபடி திரும்பப் பொருத்தினோம்.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு மேடம் முன்சீட்டில். பின்னால் எங்கள் ஆட்கள் எல்லோரையும் அடைத்துக்கொண்டேன், கல்யாண வீட்டுப் பாரம் வேண்டும் அல்லவா. மலையில் ஏறினோம். முள் நடுவில் ஆணி அடித்தது போல நின்றது. இறங்கினோம், மறுபடி ஏறினோம். ஏசி போட்டு ஏறினோம். ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் நான் ஒரு ஓட்டம் ஓடிச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்த வாரம் சேர்த்த புண்ணியம் இன்னும் கையிருப்பில் இருக்கிறது.

அடுத்து சென்சாரைச் சோதித்தோம். முதலில் அதன் தலையில் செருகியிருக்கும் கப்ளரைக் கழற்றினேன். ஸ்கேனரில் சூடு பனிக்கட்டிக்கும் கீழே இறங்கியது. கப்ளரின் இரண்டு வயரையும் ஒரு கம்பியால் தொட வைத்தேன், சூடு உச்சிக்குப் போனது. அப்படியென்றால் வயரும் கம்ப்யூட்டரும் சரி. பிறகு சென்சாரையே கழற்றி, டீ போடும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் மூக்கையும் ஒரு தெர்மாமீட்டரையும் அதில் முக்கி அடுப்பைப் பற்றவைத்தோம். தண்ணீர் சூடேற ஏற சென்சாரின் மின்தடை குறையும், மல்டிமீட்டரில் எண் இறங்க வேண்டும். சீராக இறங்கியது. எங்குமே குதிக்கவில்லை, தடுமாறவில்லை. அன்றைக்கு அந்தப் பாத்திரத்தில் யாரும் டீ குடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"சென்சார் நல்லா கீது மேடம்" என்றேன், சலிப்பாக.

"இங்க நல்லா இருக்கு" என்றார் மேடம்.

மறுநாள் குமரேசனைக் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. இருந்த இரண்டு நாளில் ஒன்று கதை கேட்பதிலேயே போகப்போகிறது என்று நினைத்தேன். குமரேசன் பாவம், மளமளவென்று ஒப்பித்தார். "நகரில ஏத்திகினு கெளம்பனோம். டோல்ல நிக்கல. அடிவாரத்துல பூஜ போட்டோம். அப்பால ஏற ஆரம்பிச்சோம், மூணாவது வளைவுல..."

"இருங்க" என்றார் மேடம். அவர் குறுக்கே பேசி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். "பூஜைன்னா என்ன செய்வீங்க?"

நானும் குமரேசனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதெல்லாம் ஒரு கேள்வியா? மேடம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர், அவருக்கு அது வெறும் ஒரு சொல். எங்களுக்கோ அது மூச்சு விடுவது போல, மூச்சு விட்டேன் என்று யாரும் தனியாகச் சொல்வதில்லை.

"எல்லாரும் செய்றதுதான் மேடம்" என்று விளக்கினார் குமரேசன். "நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சந்தனம், குங்குமம். தேங்கா ஒடப்பேன். எங்கம்மா ஆரத்தி சுத்தும். அந்த ஆரத்தித் தண்ணிய மாவெலயால வண்டி மேல தெளிச்சுட்டு, பானெட்டத் தெறந்து இன்ஜினுக்கும் ஊத்துவேன்."

"இன்ஜின் மேலயா?"

"ஆங். மலை ஏறப் போவுதுல்ல மேடம்? அதுக்கும் உள்ளம் குளிரணும்ல?"

மேடம் எழுந்துவிட்டார். எனக்கு உச்சந்தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. ஆரத்தி என்பது மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். மின்சாரம் அதில் தாராளமாக நடந்து போகும். கப்ளருக்குள் அது புகுந்தால், நான் இரண்டு வயரையும் கம்பியால் தொட வைத்த கதைதான். நாங்கள் மலைக்குப் போன ஒவ்வொரு முறையும் ஸ்கேனர் கொண்டுபோனோம், பாரம் கொண்டுபோனோம். பூஜை போடவில்லை!

"உங்க அம்மாவ வரச் சொல்லுங்க. எல்லாத்தையும் அதே மாதிரி செய்ங்க" என்றார் மேடம்.

அன்று பிற்பகல் எங்கள் ஒர்க்ஷாப் முற்றத்தில் நடந்த பூஜை மாதிரி நான் பார்த்ததில்லை. இன்ஜின் ஓடி நன்றாகச் சூடாகியிருக்கிறது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். குமரேசனின் அம்மா பட்டுப்புடவை கட்டி வந்து, "ஒர்க்ஷாப்புக்கா ஆரத்தி?" என்று வெட்கப்பட்டுக்கொண்டே மூன்று முறை சுற்றினார். மேடம் ஸ்கேனரோடு நிற்கிறார், எண்பத்தாறு காட்டுகிறது. குமரேசன் சொம்பிலிருந்து ஆரத்தித் தண்ணீரை இன்ஜின்மேல் பக்தியோடு ஊற்றினார்.

எண்பத்தாறு தொண்ணூற்றேழு ஆனது. நூற்றுப் பத்து. நூற்று இருபத்தொன்று. சிவப்பு விளக்கு எரிந்தது, இன்ஜின் முனகியது. நான் மேல் ஹோஸில் கை வைத்தேன், முன்பு இருந்த அதே சூடுதான். துப்பாக்கி மாதிரி இருக்குமே, தூரத்திலிருந்தே சூடு பார்க்கிற கருவி, அதை நீட்டிப் பார்த்தேன். எண்பத்தேழு!

"பொய் சொல்லுது மேடம், பொய் சொல்லுது!" என்று கத்தினேன். ஒரு பொய்யைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். காற்றுக் குழாயை எடுத்து சென்சாரின் தலையில் ஊதி உலர்த்தினேன். சூடு தானாக எண்பத்தாறுக்கு இறங்கி வந்தது. மலையில் கொஞ்ச நேரம் நின்றால் சரியாகிவிடுகிறது என்று குமரேசன் சொன்னதற்கும் இதுதான் காரணம். இன்ஜின் ஆறியது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆறவில்லை, காய்ந்தது.

சென்சாரைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தோம். கப்ளர் செருகும் பிளாஸ்டிக் தலையில் முடி அளவு ஒரு விரிசல். இந்தத் தொல்லை தொடங்குவதற்கு முன் ஏதோ ஒரு சர்வீஸில் யாரோ ஸ்பானரால் தட்டியிருக்க வேண்டும். உள்ளே இரண்டு ஊசிக்கும் நடுவில் பச்சைக் களிம்பு, அதன்மேல் மஞ்சள் கறை. நாங்கள் பாத்திரத்தில் முக்கியது மூக்கைத்தான். தலை நனையவே இல்லை, அதனால் அது உத்தமனாக நடித்துவிட்டது.

"சரி தம்பி, சென்சார மாத்திடலாம். இனிமே இன்ஜினுக்குத் தண்ணி ஊத்தற வேலைய மட்டும் வுட்டுடு" என்றேன் நான்.

குமரேசன் முகம் வாடியது. மேடம் தலையை ஆட்டினார். "வேணாம்ணே. இத்தன வருஷமா ஊத்தினாரு, வண்டி ஓடிச்சு. விரிசல் வந்த பிறகுதான் பிரச்சன. பூஜை போட்டாலும் ஓடற மாதிரி செஞ்சு குடுக்கறதுதான் நம்ம வேல." புது சென்சார், புது கப்ளர், உள்ளே ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மேடமே விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொம்பை என் கையில் கொடுத்து, "ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். எண்பத்தாறு அசையவில்லை.

கிருத்திகை அன்று எங்கள் இருவரையும் வண்டியில் வரச் சொல்லிக் குமரேசன் ஒரே பிடியாக நின்றார். பின்சீட்டில் நான், எனக்கு முன்னால் மேடம், குமரேசனின் அம்மா, பத்மா. முன்சீட்டில் பத்மாவின் அப்பா முனிரத்தினம், மடியில் ஒரு பெரிய பையோடு. தாய்மாமன் வரவில்லை. இன்னொரு முறை பாதி மலையில் நிற்க அவருக்கு மனமில்லையாம்.

அடிவாரத்தில் பூஜை. காவடிகள் ஆடிக்கொண்டு போகின்றன, பம்பைச் சத்தம் காதைப் பிளக்கிறது. ஆரத்தி சுற்றியதும் குமரேசன் சொம்புக்குக் கை நீட்டினார். முனிரத்தினம், "இரு, நேனு போஸ்தானு" என்று வாங்கிக்கொண்டார். நான் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். ஊற்றினார் என்றா சொல்வது? சொம்பு காலியாகும் வரை கவிழ்த்தார். போதாது என்று பக்கத்துக் குடத்திலிருந்து இன்னொரு சொம்பு எடுத்து அதையும் கவிழ்த்தார். மேடத்தைப் பார்த்தேன். அவர் கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி, "ரப்பர் இருக்குண்ணே" என்று மெதுவாகச் சொன்னார்.

வண்டி ஏறியது. எல்லோர் கண்ணும் அந்த முள்மேல். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு வந்தபோது குமரேசனின் பின்கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். முள் நடுவிலேயே நின்றது. முன்னால் காவடிக் கூட்டம் வழியை அடைத்ததால் வண்டி ஊர்ந்தது, அப்போதும் அசையவில்லை. மேலே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் குமரேசன் வண்டியை நிறுத்தி சாவியைத் திருப்பினார். அப்போதும் யாரும் இறங்கவில்லை.

"எறங்கலாமா நைனா, இல்ல இன்னொரு தடவ ஏறிக் காட்டணுமா?" என்றாள் பத்மா.

வண்டியே சிரிப்பில் குலுங்கியது. நான் "அரோகரா!" என்று கத்திய கத்தலில் வெளியே போன காவடிக்காரர் ஒருவர் பதிலுக்குக் கத்தினார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்தேன். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

முனிரத்தினம் இறங்கி, மடியில் இருந்த பையை பானெட்மேல் வைத்துப் பிரித்தார். உள்ளே தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், மாப்பிள்ளைக்குப் பட்டுவேட்டி, எல்லாம் நகரியிலேயே அடுக்கிக் கொண்டுவந்திருக்கிறார். குமரேசனின் அம்மா அதைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது, தட்டோடயே வந்துகிறீங்க? வண்டி ஏறாம நின்னுபோயிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

முனிரத்தினம் தட்டில் வெற்றிலையைச் சரிசெய்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"எம் பொண்ணு ஒரு வாரமா சரியா சாப்புடலம்மா. வண்டி ஏறலன்னா இன்னா, படி கீதே. நடந்து ஏறியிருப்போம்."